மண்ணுக்குக் கீழே ஒரு வீடு

குளிர்நாட்டு வீடுகளின் அடியில் ஓர் அறை இருப்பதற்கு முதல் காரணம் வசதி அல்ல, உறைபனி. கனடாவின் தென் ஒன்டாரியோவில் வீட்டு அஸ்திவாரத்தின் அடிப்பாதம் தரைமட்டத்திலிருந்து 1.2 மீட்டர், அதாவது நாலடி, ஆழத்துக்காவது போயாக வேண்டும். குளிர்காலத்தில் மண் அந்த ஆழம் வரை உறையக்கூடும். உறையும் மண் மேலே எழும்பும். அதன் மேல் நிற்கும் சுவரும் எழும்பிப் பிளக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது, அதனால்தான் இப்படி என்று விளக்கம் சொல்வது வழக்கம். ஆனால் அந்த 9 சதவீதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மண் அதைவிட மிக அதிகமாக எழும்புவதுண்டு. அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனில் ஊறிய மண்ணையும் உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறையும்போது பெருக்காது, சுருங்கும். அப்படியும் மண் எழும்பியது. உறையும் எல்லையில் மெல்லிய கட்டித் தகடுகள் தோன்றுகின்றன. அவை கீழே இன்னும் உறையாத மண்ணிலிருந்து திரவத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டே தடிக்கின்றன. மண்ணைத் தூக்குவது இந்த உறிஞ்சல்தான். ஈர மண் சும்மா இருப்பதில்லை, தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்கிறது என்பதை இந்த அத்தியாயம் முழுக்க நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நாலடி தோண்டத்தான் வேண்டுமென்றால், இன்னும் மூன்று நான்கு அடி தோண்டினால் ஒரு முழுத் தளமே கிடைத்துவிடும். வட அமெரிக்காவின் பேஸ்மென்ட் பிறந்த கதை பெரும்பாலும் இதுதான். பழைய நிலக்கரி உலையும் அதற்குத் தோதாக அமைந்தது. அந்த உலைகளில் மின்விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலேறித்தான் அறைகளுக்குப் போக வேண்டும். ஆகவே உலை வீட்டின் அடியில் இருந்தாக வேண்டும், பக்கத்திலேயே நிலக்கரிக் கிடங்கும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெயும் எரிவாயுவும் விசிறியும் வந்தன. உலை சுருங்கி ஒரு மூலைக்குப் போயிற்று. காலியான இடத்தில் மரப்பலகை அடித்து, விளையாட்டு மேசை போட்டு, ஐம்பதுகளில் அதை ஒரு கூடமாக்கிக்கொண்டார்கள். 1983க்குப் பின் கனடா போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர் பலருக்கு டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் முதல் குடியிருப்பு இப்படியொரு பேஸ்மென்ட்தான். யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ மண் உறைவதில்லை. அங்கே வீட்டுக்கு அடியில் தோண்ட ஒரு காரணமும் இருந்ததில்லை.

கட்டி முடித்த நிலையில் பேஸ்மென்ட் என்பது இருபது சென்டிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் சுவர், அதில் பாதித் தடிப்பு உள்ள தரை, நடுவே உத்தரத்தைத் தாங்கும் இரும்புத் தூண்கள், மேலே இரண்டு மூன்று சிறு சாளரங்கள், உலை, வெந்நீர்த் தொட்டி. அவ்வளவே. அதைக் குடியிருக்கத் தக்கதாக்க நினைப்பவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். கடைசியில் யோசிப்பது தண்ணீர். இந்த வரிசை தலைகீழானது. பலகை அடித்து வர்ணம் பூசிய பின் சுவரில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும்.

தண்ணீர் மூன்று வழிகளில் உள்ளே வருகிறது: ஓடி, ஊறி, ஆவியாக. ஓடி வருவதைத் தடுக்கும் வேலை வீட்டுக்கு வெளியே, கூரையில் தொடங்குகிறது. நூறு சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். கூரையோரப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் அதைச் சுவரின் காலடியிலேயே கொட்டினால், அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய இளகிய மண் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். குழாயை இரண்டு மீட்டர் நீட்டி விடுவதும், சுவரிலிருந்து பத்தடிக்கு ஆறங்குலம் சரியும்படி மண்ணைக் கொட்டி இறுக்குவதும் மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலைகள். ஆயிரக்கணக்கான டாலரில் சுவரைத் தோண்டி மெழுகுவதற்கு முன் இவற்றைச் செய்து ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும். பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அதையும் மீறிக் கீழிறங்கும் தண்ணீருக்காக அடிப்பாதத்தை ஒட்டித் துளையிட்ட குழாய் ஒன்று வீட்டைச் சுற்றிப் புதைக்கப்பட்டிருக்கும். கட்டடக்காரர்கள் அதை வீப்பிங் டைல் என்பார்கள். முன்பு சுட்ட களிமண் குழாய்த் துண்டுகள், இப்போது நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய். அதில் சேரும் நீர் தரையிலுள்ள ஒரு குழிக்கு வர, பம்ப் அதை வெளியே தள்ளும். பம்புக்கு மின்கல மாற்று இல்லையென்றால் அது பாதி ஏற்பாடுதான். பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வருபவை. 2013 ஜூலை 8 அன்று டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1954இல் ஹேசல் சூறாவளி கொட்டிய நாளைவிட அதிகம். அன்று பேஸ்மென்ட்களில் நிறைந்தது சுவர் வழியே வந்த நீர் மட்டுமல்ல. நிரம்பி வழிந்த நகரச் சாக்கடை, வீட்டுக் குழாய்களில் பின்னோக்கி ஏறித் தரை வடிகால் வழியாக உள்ளே வந்தது. இதற்கென்று உள்ள ஒருவழி அடைப்பான், தண்ணீர் வெளியே போக மட்டும் விடும். தரை பாவிய பிறகு அதைப் பொருத்துவதென்றால் தரையை உடைக்க வேண்டும்.

விரிசல்களில் எல்லாமே ஆபத்தானவை அல்ல. சாளர மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் மயிரிழை விரிசல், கான்கிரீட் காயும்போது சுருங்கியதன் தழும்பு. பிசின் செலுத்தி அடைத்துவிடலாம். கற்கட்டுச் சுவரின் நடு உயரத்தில் கிடைமட்டமாக ஓடும் விரிசலும், அங்கே சுவர் உள்ளே பிதுங்கியிருப்பதும் வேறு சங்கதி. வெளிமண் சுவரைத் தள்ளுகிறது என்று அதற்குப் பொருள். அதைப் பொறியாளர் பார்க்கும் வரை ஒரு பலகையும் அடிக்கக் கூடாது.

இரண்டாவது வழி, ஊறல். கான்கிரீட் பார்வைக்குக் கல் போல இருந்தாலும் உள்ளே நுண்புழைகள் நிறைந்தது; ஈர மண்ணிலிருந்து தண்ணீரை மெல்ல மெல்ல மேலே இழுக்கும். அந்தத் தண்ணீர் உட்பக்கம் வந்து ஆவியாகிப் போக, கரைந்து வந்த உப்பு மட்டும் வெண்பொடியாகச் சுவரில் தங்கும். விரலால் தொட்டால் உதிரும் அந்தப் பொடி பூஞ்சை அல்ல. ஆனால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு எழுத்து மூலமான சாட்சி. இதைச் சோதிக்க எளிய முறை உண்டு. முழங்கை நீளம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளுக்குப் பின்னால் நீர் முத்துமுத்தாகக் கட்டியிருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வறண்ட மாதத்தில் செய்த சோதனையை மட்டும் நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

புது வீட்டில் மண் மீது பழி போட வேண்டியதே இல்லை. கான்கிரீட்டே தன் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் குழைக்க ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சிமெண்டோடு வேதிவினையில் கட்டுண்டு போவது அதில் பாதியளவு. மிச்சம் காய்ந்து வெளியேற வேண்டும். பத்துக்கு எட்டு மீட்டர் அளவுள்ள பேஸ்மென்டின் சுவரும் தரையும் சேர்ந்து 25 கன மீட்டர் வரும். அப்படியானால் காய வேண்டிய தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு மேல். சுவரின் வெளிப்பக்கம் தார் பூசப்பட்டிருப்பதால் அது போக ஒரே வழி உட்பக்கம்தான். புது வீட்டில் பேஸ்மென்ட் வேலையை ஓராண்டாவது தள்ளிப்போடச் சொல்வதன் காரணம் இதுவே.

மூன்றாவதான ஆவியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜூலை மாதம் பேஸ்மென்டில் முடை நாற்றம் அடிக்கிறது. காற்றோட்டம் வேண்டும் என்று சாளரத்தைத் திறந்து விடுகிறார்கள். வெளியே 28 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றின் பனிநிலை கிட்டத்தட்ட 21 டிகிரி. அதாவது 21 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன் ஆவி நீராகப் படியும். மண் மெதுவாகச் சூடேறுவது. இரண்டு மீட்டர் ஆழத்தில் கோடையின் உச்சம் ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிந்தித்தான் வந்து சேர்கிறது. ஜூலையில் பேஸ்மென்ட் தரை 16, 18 டிகிரியில் இருப்பது சகஜம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வியர்ப்பதைப் போலத் தரையும் சுவரின் அடிப்பகுதியும் வியர்க்கின்றன. உலர்த்துவதற்காகத் திறந்த சாளரம் ஈரத்தை உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. கோடையில் பேஸ்மென்ட் சாளரங்களை மூடி, ஈரநீக்கி இயந்திரத்தை ஓடவிட்டு, ஒப்பு ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே சரி. பூஞ்சை முளைக்கத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை; ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நீடித்தால் போதும். அதற்கு உணவு மரமும் ஜிப்சம் பலகையின் காகித உறையும்.

குளிர்காலத்தில் ஆட்டம் திசை மாறுகிறது. வெளியே மைனஸ் 15, உள்ளே 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். உட்காற்றின் பனிநிலை இப்போது 7 டிகிரி. வட அமெரிக்கா முழுவதும் பல்லாண்டுகள் வழக்கத்தில் இருந்த முறை, கான்கிரீட் சுவரை ஒட்டி மரச்சட்டம் நிறுத்தி, இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சு திணித்து, மேலே பாலித்தீன் தாள் இழுத்துப் பலகை அடிப்பது. பஞ்சின் வெப்பத்தடையை ஆர் என்ற அளவில் 14 என்றும், கான்கிரீட்டுக்கும் வெளிக்காற்றுப் படலத்துக்கும் சேர்த்து 1 என்றும் கொள்ளலாம். 36 டிகிரி வித்தியாசம் தடைகளின் விகிதப்படிப் பங்கிடப்படுவதால், தரைமட்டத்துக்கு மேலே நிற்கும் சுவர்ப்பகுதியில் பஞ்சுக்குப் பின்னால் உள்ள கான்கிரீட்டின் வெப்பநிலை மைனஸ் 12 டிகிரிக்கும் கீழே. வெப்பக் காப்பு போட்டதாலேயே சுவர் குளிர்ந்துவிட்டது. பாலித்தீனில் எங்கோ ஓர் ஓட்டை, மின்பெட்டியின் ஓரத்தில் ஒரு சந்து. அறைக் காற்று அவ்வழியே பின்னால் நழுவிப் போய் உறைகிறது. மார்ச்சில் அது உருகி, சட்டத்தின் அடிக்கட்டையை நனைக்கிறது. கோடையிலோ கான்கிரீட்டிலிருந்து உள்நோக்கி வரும் ஈரத்தை அதே பாலித்தீன் மறித்து நிறுத்துகிறது. சுவர் எந்தப் பருவத்திலும் காய வழியில்லை.

இதற்கு மாற்று, பஞ்சுக்கு முன் நுரைப்பலகை. இரண்டங்குலத் தடிப்புள்ள பாலிஸ்டைரின் பலகையை நேரே கான்கிரீட்டில் ஒட்டி, மூட்டுகளை நாடாவாலும் ஓரங்களை நுரையாலும் அடைத்து, அதன் முன்னால் மரச்சட்டம் நிறுத்துவது. அங்குலத்துக்கு 5 வீதம் பலகையின் ஆர் மதிப்பு 10. சட்டத்தின் இடைவெளியைக் காலியாக விட்டால், அதே மைனஸ் 15இல் நுரைப்பலகையின் உட்பரப்பு 15 டிகிரியை ஒட்டி இருக்கும். பனிநிலையான 7ஐ விட அது மிக மேலே; உட்காற்று போய்த் தொட்டாலும் வியர்க்காது. இன்னும் கதகதப்பு வேண்டுமென்று சட்டத்துக்குள்ளும் பஞ்சு நிறைத்தால் அந்தப் பரப்பு 1 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பஞ்சு சேர்க்கச் சேர்க்க நுரையும் தடிக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கு சொல்வது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. பாலித்தீன் இந்த அமைப்பில் தேவையில்லை. நுரைப்பலகையை மட்டும் வெறுமனே விடக் கூடாது. தீப்பிடித்தால் அதன் புகை ஆளைக் கொல்லும். ஜிப்சம் பலகையால் மூடியாக வேண்டும் என்பது கட்டட விதி. அஸ்திவாரத்தின் தலையில் மரவீடு உட்காரும் விளிம்பில் காற்று அதிகம் ஒழுகும். அங்கே நுரைத் தெளிப்பு நன்றாக வேலை செய்கிறது.

தரையிலும் இதே தர்க்கம். வெறும் கான்கிரீட்டில் கம்பளம் விரிப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பது. குமிழ்க் குமிழாகப் புடைத்த பிளாஸ்டிக் தாளோ மெல்லிய நுரைப்பலகையோ முதலில். அதன் மேல் ஒட்டுப்பலகை. அதன் மேல்தான் பாவும் தரை. மரச்சட்டத்தின் அடிக்கட்டைக்குக் கீழே ஈரம் ஏறாத நுரைப்பட்டை வேண்டும். ஜிப்சம் பலகை தரையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அந்த இடைவெளியை ஓரப்பலகை மறைத்துவிடும்.

ஈரத்துக்கு அடுத்த எதிரிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிரியக்கச் சோதனை வாயிலைக் கடந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. நிலையம் அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒட்டியதாக இருக்க முடியாது. வீட்டிலிருந்து வரும்போதே அவர் உடையில் கதிரியக்கம் இருந்தது. அவருடைய வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கெரல் ரேடான். கனடாவின் இன்றைய வழிகாட்டு வரம்பு 200. உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அது சிதைந்து ரேடான் வாயுவாகிறது. இதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். சிதையும்போது பிறக்கும் பொலோனியம் நுரையீரலில் படிந்து ஆல்பா துகள்களை வீசுகிறது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் ரேடான்.

ரேடான் காற்றைவிடக் கனமானது, அதனால் பேஸ்மென்டில் தேங்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். காரணம் அதுவல்ல. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலேறிக் கூரைச் சந்துகள் வழியே வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட வீட்டின் அடிப்பகுதி காற்றை உறிஞ்சுகிறது. அங்கே அழுத்தம் வெளியைவிடச் சில பாஸ்கல் மட்டுமே குறைவு. வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். ஆனால் அந்தச் சில பாஸ்கல் போதும், தரை விரிசல்களிலும் பம்ப் குழியிலும் மண்ணின் வாயுவை இழுத்துக்கொள்ள. தீர்வும் இதே விதியைத் திருப்பிப் போடுவதுதான்: கான்கிரீட் தரையில் துளையிட்டு, பத்து சென்டிமீட்டர் குழாய் இறக்கி, விசிறியால் தரைக்குக் கீழே உள்ள காற்றை உறிஞ்சி வெளியே விடுவது. அடியில் அழுத்தம் வீட்டைவிடக் குறைந்துவிட்டால் வாயு உள்ளே வராது. குளிர்காலத்தில் மூன்று மாதம் அளவி வைத்துப் பார்த்த பிறகே இது தேவையா என்று சொல்ல முடியும். தரை பாவுமுன் துளை போட்டு வைப்பது பின்னால் பெரும் செலவை மிச்சப்படுத்தும்.

உலையைச் சுற்றிச் சுவர் எழுப்பும்போதும் காற்றை மறக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் எரிவாயு எரியப் பத்து கன மீட்டர் காற்று தேவை. பழைய உலை அதை அறையிலிருந்தே எடுக்கும். இறுக மூடிய சிற்றறைக்குள் அடைத்தால் புகைபோக்கியில் போக வேண்டியது திரும்பி வீட்டுக்குள் வரும். வெளியிலிருந்து தனிக்குழாயில் காற்றெடுக்கும் புதுவகை உலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி உறங்கும் அறைகளுக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும்.

உறங்குகிறவர் தீயின்போது வெளியேற முடிய வேண்டும். நேரே வெளியே போகும் கதவு இல்லாத படுக்கையறைக்கு, ஒன்டாரியோ விதிப்படி, திறந்தால் 0.35 சதுர மீட்டர் வழிவிடும் சாளரம் வேண்டும்; அதன் அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய பேஸ்மென்ட் சாளரங்கள் பூனை நுழையும் அளவில் இருப்பவை. கான்கிரீட்டை அறுத்து, வெளியே ஒரு கிணறு தோண்டி, அதன் அடியில் வடிகாலும் வைத்தால்தான் வேலை முடிந்ததாகும்; வடிகால் இல்லாத சாளரக் கிணறு முதல் பெருமழையில் தொட்டியாகிவிடும். வாடகைக்கு விடும் இரண்டாம் குடியிருப்புக்கு உயரம் 1.95 மீட்டர். பழைய டொராண்டோ வீடுகளில் அதுவே கிடைக்காது. அப்போது தரையைத் தாழ்த்த அடிப்பாதத்தின் கீழே ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலப் பத்திகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கான்கிரீட் நிரப்புவார்கள். ஒரே நாளில் நீளமாகத் தோண்டினால் வீடு இறங்கிவிடும். பொறியாளரும் அனுமதியும் இல்லாமல் தொடக்கூடாத வேலை அது.

எல்லா ஊர் மண்ணும் ஒன்றல்ல. கொலராடோ மாநிலத்தின் டென்வர் பகுதியில் மண் ஈரம் குடித்தால் ஊதிக்கொள்ளும் களி. அங்கே கான்கிரீட் தரையே மேலே எழும்பும். அதனால் உட்சுவரைத் தரையில் நிறுத்தாமல் மேல் உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே ஒன்றரை முதல் மூன்று அங்குலம் இடைவெளி விடுகிறார்கள். தரை எழும்பினாலும் மேல்வீட்டை முட்டாது. அதே வடிவமைப்பை டொராண்டோவில் செய்வது வீண்; டொராண்டோ முறையை அங்கே செய்தால் கதவுகள் மூடாது.

மற்றவை சிறு வேலைகள். கழிவறை சாக்கடைக் குழாயைவிடத் தாழ்வாக இருந்தால் கழிவை மேலே தள்ளும் பம்ப் வேண்டும். மேல்வீட்டுக் காலடி ஓசைக்கு, உத்தரங்களிடையே பாறைப்பஞ்சும், பலகையை நேரே மரத்தில் அடிக்காமல் நெகிழும் உலோகப் பட்டையில் தொங்கவிடுவதும் ஓரளவு உதவும், முழுதாக அடங்காது. நீர் அடைப்பான்கள், வடிகால் திறப்புகள், மின்சந்திப்புகள் இருக்கும் இடங்களில் திறக்கக்கூடிய சிறு கதவுகள் விட வேண்டும். பலகை அடிக்குமுன் நகராட்சி ஆய்வாளர் சட்டத்தையும் மின்கம்பிகளையும் காப்பையும் பார்த்து ஒப்ப வேண்டும். அடித்த பிறகு வந்தால் பிரிக்கச் சொல்வார்.

வேலை முடிந்த முதல் கோடையில் ஓர் ஈரப்பத அளவியைத் தரையோரம் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் ரேடான் சோதனையை, முன்பு செய்திருந்தாலும், மறுபடி மூன்று மாதம் செய்ய வேண்டும். புதிய சுவர்களும் அடைத்த சந்துகளும் குளியலறை விசிறியும் வீட்டுக்குள் காற்று போகும் தடத்தையும் அழுத்தத்தையும் மாற்றியிருக்கும். பழைய அளவீடு இப்போதைய வீட்டுக்குச் செல்லாது.